குழந்தைகளுக்குக் குறுகியகால வளர்ப்புப் பராமரிப்பு: சட்டத்தில் இடம் உண்டு, குடும்பங்கள் எங்கே?

புது தில்லி: தனியாகக் குழந்தைகளை வளர்க்கும் தாய் ஒருவர் அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர வேண்டியிருக்கிறது. உறவினர்கள் அருகில் இல்லை. வீட்டில் உள்ள இரு குழந்தைகளை அடுத்த 15 நாள்களுக்கு யார் பார்த்துக்கொள்வது? இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இன்றும் இரண்டு விடைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. அக்கம்பக்கத்தாரின் இரக்கம் ஒன்று. குழந்தைகள் காப்பகம் மற்றொன்று. இவை இரண்டுக்கும் இடையே, அரசால் தேர்வு செய்யப்பட்டுக் கண்காணிக்கப்படும் ஒரு குடும்பம் சில நாள்களுக்கோ சில வாரங்களுக்கோ குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்துப் பராமரித்து, நெருக்கடி தீர்ந்ததும் பெற்றோரிடம் ஒப்படைக்கும் மூன்றாவது வழி உண்டு. அதுவே குறுகியகால வளர்ப்புப் பராமரிப்பு.

இந்த வழிக்கு இந்தியச் சட்டத்தில் தடை இல்லை. மாறாக, காப்பகத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் அடிப்படைக் கொள்கையாகவே வகுத்துள்ளது. ஆயினும் தத்தெடுப்புக்கும் காப்பகத்துக்கும் கிடைத்த நிர்வாகக் கவனம் இந்த இடைக்கால ஏற்பாட்டுக்குக் கிடைக்கவில்லை. 2024-ஆம் ஆண்டு மத்திய அரசு வளர்ப்புப் பராமரிப்பு விதிகளைத் தளர்த்திய பின்னரும் இந்த இடைவெளி நிரம்பவில்லை. இதற்கான காரணங்களைச் சட்டத்தின் அமைப்பு, நிதி, பணியாளர், சமூக மனநிலை என நான்கு தளங்களில் பார்க்க வேண்டியுள்ளது.

தத்தெடுப்பு வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு

தத்தெடுப்பில் குழந்தைக்கும் பெற்றெடுத்தவர்களுக்கும் இடையிலான சட்ட உறவு முடிவுக்கு வருகிறது. தத்தெடுத்தவர்களே நிரந்தரப் பெற்றோர் ஆகின்றனர். வளர்ப்புப் பராமரிப்பில் அவ்வாறு நிகழ்வதில்லை. குழந்தை வேறொரு குடும்பத்தில் தங்குகிறது. அக்குடும்பம் உணவு, கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கிறது. எனினும் பெற்றோர் பெற்றோராகவே நீடிக்கின்றனர். குழந்தை தன் வீட்டுக்குத் திரும்புவதே பல நேர்வுகளில் இலக்கு.

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015, 2016-ஆம் ஆண்டு ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 44-ஆவது பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைக் குறுகிய காலத்துக்கோ நீண்ட காலத்துக்கோ வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைக்கக் குழந்தைகள் நலக் குழுவுக்கு அதிகாரம் அளிக்கிறது. ஓராண்டுக்கு மேற்படாத பராமரிப்பு குறுகியகாலம் என்றும், அதற்கு மேற்பட்டது நீண்டகாலம் என்றும் நடைமுறையில் வகுக்கப்பட்டுள்ளது.

இதே பிரிவில் மேலும் சில முக்கியக் கூறுகள் உள்ளன. உடன்பிறந்தவர்களை இயன்றவரை ஒரே குடும்பத்தில் வைக்க வேண்டும். பெற்றோர் குறித்த கால இடைவெளியில் வந்து குழந்தையைப் பார்க்கலாம். அது குழந்தையின் நலனுக்கு உகந்ததன்று எனக் குழு கருதினால் மட்டுமே மறுக்கலாம். பெற்றோர் மீண்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டதாகக் குழு கண்டறிந்தால் குழந்தை வீடு திரும்பலாம். வளர்ப்புக் குடும்பத்தை மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும். தற்காலிகத் தங்கலுக்கும் பாதுகாப்பான திரும்புதலுக்கும் தேவையான அடித்தளம் சட்டத்தில் இருக்கிறது என்பதே இவற்றின் பொருள்.

பெற்றோர் தயங்கும் இரண்டு வாசல்கள்

சிக்கல் தொடங்குவது இதற்கு முந்தைய படியில். ஒரு குழந்தை வளர்ப்புக் குடும்பத்துக்குச் செல்ல வேண்டுமெனில், முதலில் அது 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்ற வரையறைக்குள் வர வேண்டும். பெற்றோர் உள்ள குழந்தை அவ்வரையறைக்குள் வருவதற்கான முக்கிய வழி, அப்பெற்றோர் 'தகுதியற்றவர் அல்லது இயலாதவர்' எனக் குழு கண்டறிவதாகும்.

பெற்றோர் தாமாகவே முன்வந்து அணுகுவதற்குச் சட்டத்தில் தெளிவாகப் பெயரிடப்பட்ட மற்றொரு வழி 35-ஆவது பிரிவு. அது குழந்தையை அரசிடம் ஒப்புக்கொடுப்பதற்கானது. மறுபரிசீலனைக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அதன் பின் குழந்தை தத்து கொடுக்கப்படலாம். கவனிப்பாரற்ற பச்சிளங்குழந்தைகளைப் பாதுகாக்க உருவாக்கப்பட்ட இந்த வழி, 15 நாள் உதவி தேடும் தாய்க்கு உரியதன்று.

ஆக, தற்காலிக உதவி மட்டுமே தேவைப்படும் பெற்றோரின் முன் இருப்பவை, தம்மை இயலாதவர் என அறிவிக்கச் செய்வது அல்லது குழந்தையை விட்டுக்கொடுப்பது என்ற இரு வாசல்களே. நோயால் படுத்திருக்கும் தாயை 'இயலாதவர்' என்ற சொல்லில் அடக்கச் சட்டம் இடமளிக்கக்கூடும். ஆயினும், அந்தக் கண்டறிதல் பதிவேட்டில் ஏறிய பின் குழந்தை திரும்பக் கிடைக்குமா என்ற அச்சம் ஏழைப் பெற்றோரை அரசு அலுவலகத்திலிருந்து விலக்கியே வைக்கும். உதவி கேட்பது குற்ற ஒப்புதலாகத் தோன்றும் வரை, உதவி தேவைப்படுவோர் வரமாட்டார்கள்.

பல ஐரோப்பிய நாடுகளில் 'ஓய்வுப் பராமரிப்பு' என்று வழங்கப்படும் தனி வகை 44-ஆவது பிரிவில் பெயரிட்டுச் சொல்லப்படவில்லை. பெற்றோரிடம் தவறு ஏதும் இல்லை, அவர்களுக்குச் சில நாள் துணை மட்டுமே தேவை என்பதை அங்கீகரிக்கும் வகை அது.

காப்பகங்களில் இருப்போர் யார்?

இந்த வெற்றிடத்தின் விளைவைக் காப்பகங்களின் கணக்கில் காணலாம். நாடு முழுவதும் உள்ள குழந்தைகள் காப்பகங்களை ஆய்வு செய்த மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை, 9,589 நிறுவனங்களைக் கணக்கெடுத்தது. அவற்றில் சுமார் 3.7 லட்சம் குழந்தைகள் வாழ்ந்தனர். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளை விட, தாய் அல்லது தந்தை ஒருவரேனும் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கை பல மடங்கு அதிகமாக இருந்தது.

பொதுமக்கள் வழக்கில் 'அனாதை இல்லம்' எனப்படும் இடங்களில் வாழ்வோரில் பெரும்பகுதியினர் அனாதைகள் அல்லர் என்பதே இதன் பொருள். வறுமை, நோய், கணவனின் மரணம், குடிப்பழக்கம், வேலைக்காகப் புலம்பெயர்தல், சிறைவாசம் போன்ற காரணங்களால் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகள் அவர்கள். இவற்றுள் சில காரணங்கள் நிரந்தரமானவை. பல காரணங்கள் தற்காலிகமானவை. ஆனால் தற்காலிகக் காரணத்துக்காகக் காப்பகத்தில் சேரும் குழந்தை தற்காலிகமாகவே அங்கு இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பள்ளிச் சேர்க்கை, தொலைவு, போக்குவரத்துச் செலவு ஆகியவை சேர்ந்து சில வாரங்களைச் சில ஆண்டுகளாக நீட்டித்துவிடுகின்றன.

சிறையில் உள்ள தாய்மார்களின் குழந்தைகள் இதற்கு மற்றொரு எடுத்துக்காட்டு. 2006-இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, குழந்தை 6 வயது வரை மட்டுமே தாயுடன் சிறையில் இருக்கலாம். அதன் பின் உறவினர் கிடைக்காத குழந்தை காப்பகத்துக்கே செல்கிறது. தாயின் தண்டனைக் காலம் குறுகியதாக இருந்தாலும் நிலைமை இதுவே.

மாமல்லபுரத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை

காப்பகங்களின் நிலை குறித்து உச்ச நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்த வழக்கு தமிழ்நாட்டிலிருந்தே தொடங்கியது. மாமல்லபுரம் பகுதி ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக வந்த நாளிதழ்ச் செய்தியைச் சுட்டி 2007-இல் எழுதப்பட்ட கடிதம் பொதுநல வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின், 2017 மே 5-இல் நீதிபதி மதன் பி. லோகுர் அமர்வு தீர்ப்பளித்தது. எல்லாக் காப்பகங்களையும் பதிவு செய்ய உத்தரவிட்ட அத்தீர்ப்பு, பாதுகாப்புத் தேவைப்படும் ஒவ்வொரு குழந்தையையும் காப்பகத்தில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும், தத்தெடுப்பு, வளர்ப்புப் பராமரிப்பு போன்ற மாற்று வழிகளை அதிகாரிகள் தீவிரமாகப் பரிசீலிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் கொரோனா பெருந்தொற்று அதே கேள்வியை மீண்டும் எழுப்பியது. 2020 ஏப்ரல் 3-இல் உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து பிறப்பித்த உத்தரவில், ஒவ்வொரு குழந்தையையும் காப்பகத்திலேயே வைத்திருப்பது அவசியமா எனப் பரிசீலிக்கக் குழந்தைகள் நலக் குழுக்களுக்கு அறிவுறுத்தியது. 2021-இன் இரண்டாம் அலையில் பெற்றோர் இருவரும் ஒரே நேரத்தில் மருத்துவமனையில் சேர்ந்த வீடுகளில், குழந்தைகளுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது பணமோ நிரந்தரப் பெற்றோரோ அன்று. சில வாரங்களுக்கு ஒரு வீடு. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 'பி.எம். கேர்ஸ்' வழியாக நிதி உதவி அறிவிக்கப்பட்டது. பெற்றோர் உயிர் பிழைத்து வரும் வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அதைப் போல நிலைபெறவில்லை.

குடும்பச் சூழலின் மதிப்பு

காப்பகத்தை விடக் குடும்பம் மேல் என்பது உணர்ச்சி சார்ந்த கருத்து மட்டுமன்று. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட்டில் 2000-களின் தொடக்கத்தில் தொடங்கிய ஆய்வு இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. காப்பகங்களில் வாழ்ந்த 136 சிறு குழந்தைகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்களுக்கு அப்போதிருந்த பராமரிப்பே தொடர்ந்தது. குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகள் அறிவுத்திறனிலும் பாசப் பிணைப்பிலும் முன்னேறியதாக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இளவயதிலேயே, குறிப்பாக 2 வயதுக்கு முன் சென்றவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது.

அந்த ஆய்வு நீண்டகால வளர்ப்பைப் பற்றியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 15 நாள் தங்கலால் அறிவுத்திறன் உயரும் என்று அதிலிருந்து முடிவு கட்ட இயலாது. ஆயினும் சிறு குழந்தையைக் காப்பகச் சூழலுக்குள் நுழைய விடாமல் தடுப்பதே பெரும் பயன் என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

ஐ.நா. பொதுச் சபை 2009-இல் வரவேற்ற குழந்தைகளின் மாற்றுப் பராமரிப்புக்கான வழிகாட்டுதல்களும் பகல்நேரப் பராமரிப்போடு ஓய்வுப் பராமரிப்பையும் பெற்றோருக்கான ஆதரவுச் சேவைகளில் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன. சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளை வளர்ப்போரின் கூடுதல் சுமை அதில் தனியே சுட்டப்பட்டுள்ளது. குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992 டிசம்பர் 11-இல் இணைந்தது.

இங்கிலாந்தின் அனுபவம்

பெற்றோரின் சம்மதத்துடன் குறுகியகாலப் பராமரிப்பு எவ்வாறு இயங்கும் என்பதற்கு இங்கிலாந்தின் 1989-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம் ஓர் எடுத்துக்காட்டு. அதன் 20-ஆவது பிரிவின்படி, குழந்தையைப் பராமரித்து வந்தவர் எந்தக் காரணத்தாலும், நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ, அதைத் தொடர முடியாமற்போனால் உள்ளாட்சி அமைப்பு குழந்தைக்குத் தங்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். நீதிமன்ற ஆணை தேவையில்லை. பெற்றோரின் உரிமையும் பொறுப்பும் அவர்களிடமே இருக்கும்.

மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோர் இளைப்பாறுவதற்கென 'சிறு இடைவேளை' என்ற ஏற்பாடு தனியே உண்டு. 2010-ஆம் ஆண்டு விதிமுறைகள், ஒரு முறைக்கு 17 நாள்களுக்கும் 12 மாதங்களில் மொத்தம் 75 நாள்களுக்கும் மிகாத தங்கல்களுக்கு எளிய நடைமுறையை வகுத்தன. ஒவ்வொரு முறையும் அதே பராமரிப்பாளரிடமே குழந்தை செல்ல வேண்டும் என்பது இதன் சாரம். முன்பின் அறியாத வீடாக இல்லாமல், ஓர் உறவினர் வீடுபோல் அது பழகிவிடுகிறது.

அங்கும் குறைகள் உள்ளன. பெற்றோரின் சம்மதம் முழு விளக்கத்துடன் பெறப்படாத நேர்வுகளையும், தற்காலிக ஏற்பாடு காலவரையின்றி நீண்ட நேர்வுகளையும் அந்நாட்டு நீதிமன்றங்கள் கண்டித்துள்ளன. விருப்பத்தின்பேரில் அமையும் ஏற்பாட்டுக்குக் கால வரம்பும் எழுத்துபூர்வமான உறுதியும் இல்லாவிட்டால், ஏழைப் பெற்றோரே பாதிக்கப்படுவர் என்பது இந்தியா கவனிக்க வேண்டிய எச்சரிக்கை.

மாற்றுத்திறன் குழந்தைகளும் ஓயாத பராமரிப்பும்

இந்தியாவில் ஓய்வுப் பராமரிப்பின் தேவை மிகத் தெளிவாகத் தெரிவது மாற்றுத்திறன் குழந்தைகளின் வீடுகளில்தான். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தையை நாள் முழுதும் பராமரிக்கும் தாய்க்கு விடுமுறை என்பதே இல்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தாலும், குடும்பத்தில் மரணம் நேர்ந்தாலும் மாற்று ஆள் இல்லை.

1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம், மாற்றுத்திறனாளிகளின் குடும்பத்தில் நெருக்கடி நேரும்போது சேவை அளிக்கும் அமைப்புகளுக்கு ஆதரவு தருவதை அறக்கட்டளையின் நோக்கங்களில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. அதன் 'சமர்த்' திட்டம் ஓய்வுப் பராமரிப்பு இல்லங்களுக்கானது. எனினும் அது இல்லம் சார்ந்த திட்டம், குடும்பம் சார்ந்ததன்று.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு மேலும் ஒரு படி செல்கிறது. மாற்றுத்திறனைக் காரணம் காட்டிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது. பெற்றோரால் இயலாதபோது முதலில் நெருங்கிய உறவினரிடமும், அது இயலாதெனில் சமூகத்துக்குள் ஒரு குடும்பச் சூழலிலும், விதிவிலக்காக மட்டுமே இல்லத்திலும் சேர்க்க வேண்டும் என்கிறது. ஆனால் அதற்கான ஆணையைப் பிறப்பிக்க வேண்டியது தகுதியுள்ள நீதிமன்றம். மற்றக் குழந்தைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு நீதிமன்றம் என இரு பாதைகள் இணையாமல் நிற்கின்றன. சில நாள் உதவிக்காக நீதிமன்றப் படியேற எந்தத் தாயும் முன்வர மாட்டார்.

2024 மாற்றங்கள் எதை நோக்கி?

மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட வளர்ப்புப் பராமரிப்பு மாதிரி வழிகாட்டுதல்கள் 2024-இல் திருத்தப்பட்டன. முன்னர் திருமணமான இணையருக்கே இருந்த வாய்ப்பு, 35 வயது நிறைந்த தனிநபர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. திருமணமாகாதோர், துணையை இழந்தோர், மணவிலக்குப் பெற்றோர், சட்டப்படி பிரிந்து வாழ்வோர் விண்ணப்பிக்கலாம். தனியாக வாழும் பெண் எந்தப் பாலினக் குழந்தையையும் ஏற்கலாம். ஆண், ஆண் குழந்தையை மட்டுமே ஏற்கலாம். இணையரெனில் குறைந்தது 2 ஆண்டு நிலையான மண வாழ்வு தேவை. மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளம் வழியாகவே பதிவு செய்யும் முறையும் வந்தது.

வளர்த்த குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருக்க வேண்டிய காலம் 5 ஆண்டுகளிலிருந்து 2 ஆண்டுகளாகக் குறைந்ததே பரவலாகப் பேசப்பட்டது. காப்பகத்தில் வளர்ந்துவிட்ட, தத்தெடுக்க எவரும் முன்வராத 6 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இது உண்மையிலேயே நல்ல செய்தி. ஆனால் இந்தத் திசைக்கு ஒரு விலையும் உண்டு. வளர்ப்புப் பராமரிப்பைத் தத்தெடுப்பின் முன்படியாகக் கருதி வருவோர், குழந்தை தங்களுடனேயே இருந்துவிட வேண்டும் என்றே விரும்புவர். 3 வாரத்தில் குழந்தையை அதன் தாயிடம் மகிழ்ச்சியோடு திருப்பித் தரும் குடும்பத்துக்கு வேறு மனநிலையும் வேறு பயிற்சியும் தேவை. இவ்விரு வகையினரையும் ஒரே பட்டியலில், ஒரே தகுதி அளவுகோலில் சேர்ப்பது இருதரப்புக்கும் பொருந்தாது.

நாளுக்கு 133 ரூபாய்

'மிஷன் வாத்சல்யா' திட்டத்தின்கீழ் வளர்ப்புக் குடும்பத்துக்குக் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. முந்தைய திட்டத்தில் இது 2,000 ரூபாயாக இருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்கின்றன; வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்களுக்கு 90:10.

நாள் கணக்கில் பார்த்தால் இது சுமார் 133 ரூபாய். நீண்டகாலம் தங்கும் குழந்தைக்கு இது ஓரளவு துணை. ஆனால் நள்ளிரவில் மாற்றுடை கூட இல்லாமல் வரும் குழந்தைக்கு முதல் நாளிலேயே உடை, பாய், மருந்து, பள்ளிக்குச் செல்லும் செலவு எனத் தேவைகள் குவியும். மாத உதவித்தொகை என்ற அமைப்பு இதற்கு ஏற்றதன்று. ஒப்புதல் பெற்றுத் தொகை கணக்கில் சேர்வதற்கு முன்பே குழந்தை வீடு திரும்பியிருக்கும்.

பணியாளர் பற்றாக்குறை மற்றொரு தடை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிறுவனம் சாராப் பராமரிப்புக்கென ஒரு பாதுகாப்பு அலுவலர் பணியிடம் உள்ளது. நிதி ஆதரவுத் திட்டம், வளர்ப்புப் பராமரிப்பு, பிற்காப்பு என அனைத்தும் அவரது மேசைக்கே வருகின்றன. மாதம் ஒருமுறை ஆய்வு என்பது நீண்டகால வளர்ப்புக்கே கடினமெனில், 10 நாள் தங்கலில் அது நிகழாமலேயே போகும். குறுகியகாலத் தங்கலுக்குத் தேவை மாதாந்திர ஆய்வு அன்று. முதல் 48 மணி நேரத்துக்குள் ஒரு நேரடி வருகையும் அன்றாடத் தொலைபேசி விசாரிப்பும் ஆகும்.

நிதி ஆதரவுத் திட்டத்தை வகுக்கும் 45-ஆவது பிரிவு, பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருப்பதையும், விபத்தால் அவர்கள் செயலிழந்திருப்பதையும் தகுதிக் காரணங்களாக ஏற்கிறது. குடும்பத்தின் நெருக்கடியைச் சட்டம் உணர்ந்திருக்கிறது. அதற்குப் பணம் தருகிறது. அந்நெருக்கடியின் நடுவே குழந்தைக்குச் சோறூட்டி உறங்க வைக்க ஆள் தருவதே விடுபட்டுள்ளது.

கேரளத்தின் விடுமுறைக்கால முயற்சி

மாநில அளவிலான முயற்சிகளில் கேரளத்தின் விடுமுறைக்கால வளர்ப்புப் பராமரிப்பு குறிப்பிடத்தக்கது. காப்பகங்களில் வாழும் குழந்தைகளைக் கோடை விடுமுறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பங்களுடன் தங்க அனுப்பும் ஏற்பாடு இது. குழந்தைக்குக் குடும்ப வாழ்வின் அனுபவம் கிடைக்கிறது. குடும்பத்துக்கும் தன் ஆர்வம் உண்மையானதா என்பதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கிறது.

ஆனால் இதன் திசை ஓய்வுப் பராமரிப்புக்கு நேரெதிரானது. இங்குக் குழந்தை காப்பகத்திலிருந்து குடும்பத்துக்குச் சென்று மீண்டும் காப்பகத்துக்கே திரும்புகிறது. இரண்டு மாதம் ஒரு வீட்டின் சமையலறையிலும் திண்ணையிலும் பழகிய குழந்தை, ஜூன் மாதத்தில் கூட்டுறங்கும் அறைக்குத் திரும்பும்போது படும் ஏக்கத்தைப் புறக்கணிக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் அதே குடும்பம், இடையில் கடிதமும் தொலைபேசியும், சந்திப்புகளும் என்று தொடர்பு நீடித்தால் அந்த ஏக்கம் காத்திருப்பாக மாறும். ஆண்டுதோறும் வேறு வேறு வீடு என்றால் அது மீண்டும் மீண்டும் நேரும் பிரிவாகவே அமையும்.

ராஜஸ்தானின் 'பாலன்ஹார்', குஜராத்தின் 'பாலக் மாதா பிதா' ஆகிய திட்டங்கள் உறவினரிடம் வளரும் குழந்தைகளுக்கு மாத உதவி அளிப்பவை. உறவு முறையில் வளர்ப்பது இந்திய வாழ்வில் என்றும் உண்டு. பாட்டி, சித்தி, மாமா வீடுகளே நம் நாட்டின் மிகப் பெரிய குறுகியகாலப் பராமரிப்பு அமைப்பு. ஆனால் நகரங்களுக்குப் புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பத்துக்கு அந்த வலை 1,500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சாதி, மதம் மாறித் திருமணம் செய்து உறவினரால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு அது இல்லவே இல்லை.

புறக்கணிக்க முடியாத அச்சங்கள்

அறியாத வீட்டுக்குக் குழந்தையை அனுப்புவதில் உள்ள ஆபத்துகள் கற்பனையானவை அல்ல. பாலியல் துன்புறுத்தல், வீட்டு வேலைக்குப் பயன்படுத்துதல், குழந்தை கடத்தல் ஆகிய மூன்றும் நம் நாட்டின் அனுபவத்தில் உள்ளவை. 'பள்ளிக்கு அனுப்புகிறோம்' என்று அழைத்துச் செல்லப்பட்ட சிறுமிகள் நகர வீடுகளில் பாத்திரம் துலக்கிய செய்திகள் ஏராளம். அவசரம் என்ற பெயரில் சோதனைகளைத் தளர்த்துவது இந்த ஆபத்தைக் கூட்டும்.

இதற்கான தீர்வு, சோதனையைக் குறைப்பதன்று. முன்கூட்டியே முடித்து வைப்பது. காவல் துறைச் சரிபார்ப்பு, வீட்டு ஆய்வு, மருத்துவச் சான்று, அண்டை வீட்டார் விசாரணை ஆகிய அனைத்தையும் குழந்தை வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நிறைவு செய்து, ஒவ்வொரு மாவட்டத்திலும் தயார் நிலையில் சில குடும்பங்கள் இருக்க வேண்டும். நெருக்கடி நேரும் அன்று செய்ய வேண்டியது பொருத்தமான குடும்பத்தைத் தேர்வது மட்டுமே.

இதற்கும் சட்டத்தில் வழி உள்ளது. 52-ஆவது பிரிவு, குறிப்பிட்ட காலத்துக்குக் குழந்தையைத் தற்காலிகமாக ஏற்கத் 'தகுதியான நபர்' என எவரையும் உரிய சரிபார்ப்புக்குப் பின் அங்கீகரிக்கக் குழந்தைகள் நலக் குழுவை அனுமதிக்கிறது. குழு மாதம் குறைந்தது 20 நாள்கள் கூட வேண்டும். அமர்வு இல்லாத நேரத்தில் தனி உறுப்பினர் ஒருவர் முன்பும் குழந்தையை முன்னிலைப்படுத்தலாம். எனவே விரைவாகச் செயல்படச் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மொழி, உணவு, வழிபாடு ஆகியவையும் கருதத்தக்கவை. பள்ளி மாறாமல், மொழி மாறாமல், இயன்றவரை அதே பகுதியிலேயே குழந்தை தங்கினால், தாயைப் பார்க்கச் செல்வதும் எளிது, திரும்புவதும் எளிது. இடம்பெயர்ந்த தொழிலாளரின் ஒடியா, வங்காளி, இந்தி பேசும் குழந்தைகளுக்கு இது தனிச் சவால்.

வளர்ப்போருக்கும் ஓய்வு

ஓய்வுப் பராமரிப்புக்கு மற்றொரு பயனும் உண்டு. ஏற்கெனவே நீண்டகாலமாக ஒரு குழந்தையை வளர்க்கும் குடும்பத்துக்கும் சில நாள் இடைவெளி தேவைப்படும். துயரம் நிறைந்த பின்னணியிலிருந்து வரும் குழந்தை இரவெல்லாம் அழலாம், பொருள்களை உடைக்கலாம், பள்ளி செல்ல மறுக்கலாம். இவற்றைத் தாங்கும் குடும்பத்துக்குத் துணை இல்லாவிட்டால் ஒரு கட்டத்தில் குழந்தையை நிரந்தரமாகத் திருப்பி அனுப்பிவிடும். மாதத்தில் ஒரு வார இறுதியை வேறொரு பழகிய வீட்டில் குழந்தை கழிக்கும் ஏற்பாடு, அந்த முறிவைத் தடுக்கக்கூடியது. 2024 மாற்றங்களால் தனிநபர்களும் வளர்ப்போராகும் நிலையில் இத்தேவை மேலும் கூடும். தனியாக வளர்ப்பவர் நோயுற்றால் வீட்டில் மாற்று ஆள் இல்லை.

அடுத்து செய்யக்கூடியவை

குழந்தைகள் நலம் மாநிலங்கள் வழியாகவே நடைமுறையாவதால், மத்திய வழிகாட்டுதல்களை ஏற்று விதிகளை வகுக்கும்போது மாநிலங்கள் நான்கு மாற்றங்களைச் சேர்க்க இயலும்.

முதலாவது, பெற்றோர் தாமாகக் கோரும் தற்காலிகப் பராமரிப்புக்குத் தனிப் படிவம். அதில் திரும்பும் தேதி குறிக்கப்பட வேண்டும்; பெற்றோரின் தகுதி குறித்த எதிர்மறைப் பதிவு இடம்பெறக் கூடாது; தேதி கடந்தால் குழு உடனே மறுஆய்வு செய்ய வேண்டும். இரண்டாவது, குறுகியகாலப் பராமரிப்பாளர்களுக்கெனத் தனிப் பட்டியலும், தத்தெடுப்பு எதிர்பார்ப்பு இல்லாதவர்களைத் தேர்ந்து அளிக்கும் பயிற்சியும். மூன்றாவது, மாதக் கணக்கில் இல்லாமல் நாள் கணக்கில் தொகையும், முதல் நாள் செலவுக்கு உடனடி நிதியும். நான்காவது, மருத்துவமனைகளின் சமூகப் பணியாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், 1098 உதவி எண் ஆகியோருக்கு இந்த வழி இருப்பதைத் தெரியப்படுத்துவது. அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் மருத்துவமனையே, வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார் என்று கேட்கும் முதல் இடமாக அமைய முடியும்.

இதன் செலவு பெரிதன்று. ஒரு மாவட்டத்தில் 10 குடும்பங்களைத் தயார் நிலையில் வைப்பது, ஒரு காப்பகக் கட்டடத்தை நடத்துவதை விட எளிது. கடினமானது எதுவெனில், உதவி கேட்டு வரும் ஏழைத் தாயைக் குற்றம் சாட்டப்பட்டவராக நடத்தாமல், சில நாள் துணை தேவைப்படும் குடிமகளாக நடத்தும் நிர்வாகப் பழக்கத்தை உருவாக்குவது. மாநிலங்கள் தம் வளர்ப்புப் பராமரிப்பு விதிகளைப் புதுப்பிக்கும் இந்த நேரமே அதைத் தொடங்குவதற்கு உகந்தது. தவறினால், சில வாரங்களே நீடிக்க வேண்டிய பிரிவுகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதைக் காப்பகங்களின் பதிவேடுகள் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கும்.